முத்திரையிட்ட எடையும் முத்திரையற்ற எண்ணும்: சிறு பைத்தான் இணையச் சேவையில் எச்.டி.டி.பி.எஸ் அமைத்தல்

ஆய்வுச்சுருக்கம்

எடைமேடை, இருப்புக் கணக்கு, வருகைப் பதிவு போன்ற தொழிற்கூடப் பணிகளைச் சிறு பைத்தான் இணையச் சேவைகளைக் கொண்டு நடத்துவது இன்று எளிதாகிவிட்டது. அச்சேவைகளைக் காப்பற்ற எச்.டி.டி.பி நெறிமுறையிலிருந்து எச்.டி.டி.பி.எஸ் நெறிமுறைக்கு மாற்றுவது பலராலும் தரவை மறைக்கும் வேலையாக மட்டுமே புரிந்துகொள்ளப்படுகிறது. மறைத்தலைக் காட்டிலும் எதிர்முனையில் இருப்பது யார் என்பதை உறுதிசெய்வதே இம்மாற்றத்தின் உயிர்நாடி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. திருவள்ளூர் மாவட்டம் புதுவாயல் பகுதிக்குப் பொருந்தும் எடைமேடைச் சேவை ஒன்று மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. 2014-ஆம் ஆண்டில் இந்தியச் சான்றிதழ் அமைப்பில் நேர்ந்த பிறழ்வும், அதே ஆண்டில் பைத்தான் மொழியில் நிகழ்ந்த மாற்றமும் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன.

குறிச்சொற்கள்: எச்.டி.டி.பி.எஸ், பைத்தான், மறைகுறியாக்கம், சான்றிதழ், எடைமேடை, புதுவாயல், கணித்தமிழ்க் கலைச்சொற்கள்.

1. முன்னுரை

சந்தையில் தராசின் முள்ளை மட்டும் பார்த்து யாரும் மனநிறைவு கொள்வதில்லை. படிக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்றும் பார்ப்பர். விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் தரப்பு ஒன்று 'இந்தக் கல் சரியானது' என்று பொறுப்பேற்றதன் அடையாளமே அம்முத்திரை. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இம்மரபுக்கு இன்றைய சட்ட வடிவம் தந்துள்ளது. லாரிகளை நிறுக்கும் எடைமேடையும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே. அது சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். குறித்த கால இடைவெளியில் அந்த முத்திரை புதுப்பிக்கப்படவும் வேண்டும்.

ஆனால் எடைமேடை காட்டும் எண் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது கணினிக்குச் செல்கிறது. அங்கிருந்து வலையமைப்பு வழியாகப் பட்டியலிடும் அலுவலகத்திற்கும், உரிமையாளரின் கைப்பேசிக்கும் செல்கிறது. மேடைக்கு முத்திரை உண்டு. மேடையிலிருந்து புறப்பட்ட எண்ணுக்கு முத்திரை உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. எச்.டி.டி.பி.எஸ் என்பது அந்த எண்ணுக்கான முத்திரை. அதனைச் சிறு பைத்தான் சேவை ஒன்றில் அமைக்கும் முறையையும், அமைத்தும் பயனற்றுப்போகும் இடங்களையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. களமும் மாதிரிச் சேவையும்

புதுவாயல், சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16-இல் கவரைப்பேட்டையை அடுத்துள்ள ஊர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு, உருக்கு ஆலைகளுக்கான சரக்குப் போக்குவரத்து இந்நெடுஞ்சாலையைச் சார்ந்துள்ளது. வடக்கே எளாவூர்ச் சோதனைச்சாவடியைக் கடந்தால் ஆந்திர எல்லை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் மின்வழிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே இச்சாலையில் செல்லும் சரக்கின் எடையும் மதிப்பும் தாளில் மட்டும் வாழ்வதில்லை, கணினி வலையிலும் வாழ்கின்றன.

இக்கட்டுரை மாதிரியாகக் கொள்ளும் சேவை பின்வருமாறு அமைகிறது. இது விளக்கத்திற்காக வகுத்துக்கொண்ட அமைப்பே. குறிப்பிட்ட நிறுவனம் எதனையும் சுட்டுவதன்று. எடைமேடையின் எண்காட்டியிலிருந்து தொடர்வரிசைக் கம்பி வழியாக எடை ஒரு சிறு கணினியை அடைகிறது. அக்கணினியில் பைத்தான் மொழியின் ஃபிளாஸ்க் சட்டகத்தில் எழுதப்பட்ட நூறு வரி நிரல் ஒன்று இயங்குகிறது. அலுவலகக் கணினியின் பட்டியலிடும் நிரல் அச்சேவையிடம் 'கடைசி எடை என்ன' என்று கேட்கிறது. சேவை வண்டி எண்ணையும், மொத்த எடையையும், வெற்று எடையையும், நேரத்தையும், ஓட்டுநரின் கைப்பேசி எண்ணையும் விடையாகத் தருகிறது. மேலாளர் உலாவியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு அன்றைய எடைச்சீட்டுகளைப் பார்க்கிறார்.

இவை யாவும் எச்.டி.டி.பி நெறிமுறையில் நடந்தால், ஒரே வைஃபை வலையில் இணைந்துள்ள எவரும் தம் கணினியை இடையில் நுழைத்து அனைத்தையும் படிக்க இயலும். படிப்பதோடு மாற்றவும் இயலும். 24,360 கிலோ என்று புறப்பட்ட விடை, 23,360 கிலோ என்று அலுவலகத்தை அடையலாம். இருமுனைகளிலும் எந்தப் பிழைச்செய்தியும் தோன்றாது. ஒற்றை இலக்கத்தின் மாற்றம் ஒரு டன் பழைய இரும்பின் விலையாகிறது. கடவுச்சொல் களவாடப்படுவதும், ஓட்டுநரின் கைப்பேசி எண் வெளிப்படுவதும் இதனுடன் சேரும். தனிப்பட்ட தரவைக் காக்கத் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யாதவர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது என்பதும் கருதத்தக்கது.

3. கலைச்சொல் தெளிவு

தமிழில் இப்பொருளை எழுதுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் சொல்லிலேயே உள்ளது. 'குறியாக்கம்' என்னும் சொல் எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஒருங்குறி முறைக்கும் ஆளப்படுகிறது. தரவை மறைத்தலுக்கும் ஆளப்படுகிறது. இவ்விரண்டும் வேறானவை. முன்னதனை எவரும் திருப்பிப் படிக்கலாம், திறவுகோல் தேவையில்லை. பின்னதனைத் திறவுகோல் உடையவர் மட்டுமே படிக்கலாம். பேஸ்64 என்னும் முறையில் எழுதிய கடவுச்சொல் பார்வைக்குப் புரியாத எழுத்துக்கோவையாகத் தோன்றும். ஆயினும் அது காக்கப்பட்டதன்று. பைத்தானில் ஒரே வரியில் அதனைத் திருப்பிவிடலாம். எச்.டி.டி.பி.யின் அடிப்படை அடையாளச் சோதனை முறை கடவுச்சொல்லை இவ்வாறே அனுப்புகிறது என்பதால், இச்சொற்குழப்பம் நடைமுறைத் தீங்காகவும் மாறக்கூடும். ஆகவே இக்கட்டுரை முன்னதனைக் 'குறியேற்றம்' என்றும், பின்னதனை 'மறைகுறியாக்கம்' என்றும் பிரித்து வழங்குகிறது.

4. எச்.டி.டி.பி.எஸ் தரும் மூன்று உறுதிகள்

எச்.டி.டி.பி.எஸ் தனி நெறிமுறை அன்று, டி.எல்.எஸ் என்னும் காப்பு அடுக்கின் உள்ளே செல்லும் எச்.டி.டி.பி.யே அது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1994-இல் தன் உலாவிக்காக இதனைத் தொடங்கியது. எஸ்.எஸ்.எல் 2.0, 3.0 எனப் பெயர்பெற்ற அவ்வடுக்கு 1999-இல் டி.எல்.எஸ் 1.0 என்று பொதுத் தரமாயிற்று. இன்று நடைமுறையிலுள்ள டி.எல்.எஸ் 1.3 வெளியான ஆண்டு 2018. பழைய 1.0, 1.1 ஆகிய பதிப்புகள் 2021-இல் முறைப்படி கைவிடப்பட்டன.

இவ்வடுக்கு மூன்று உறுதிகளைத் தருகிறது. முதலாவது மறைவு: இடையில் உள்ளோர் படிக்க இயலாமை. இரண்டாவது மாறாமை: வழியில் ஓர் எழுத்து மாறினாலும் பெறுமுனை அதனைக் கண்டறிந்து இணைப்பைத் துண்டித்தல். மூன்றாவது அடையாளம்: எதிர்முனையில் இருப்பது நாம் நாடிய சேவையே என்பதற்கான சான்று.

முதல் இரண்டும் மூன்றாவதனைச் சார்ந்து நிற்கின்றன. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து. டிஃபி, ஹெல்மன் ஆகிய இருவர் 1976-இல் வெளியிட்ட முறையின்படி, முன்பின் அறியாத இருவர் பலர் கேட்கப் பேசியே தமக்குள் ஒரு பொது மறைத்திறவுகோலை உருவாக்கிக்கொள்ள இயலும். டி.எல்.எஸ் 1.3-உம் இதன் வழிவந்த முறையையே கையாள்கிறது. ஆனால் இம்முறை, யாருடன் அத்திறவுகோல் உருவாக்கப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. அலுவலகக் கணினி, எடைமேடைக் கணினி என்று எண்ணி இடைப்பட்ட ஒருவரிடம் திறவுகோல் உடன்பாடு செய்துகொண்டதாகக் கொள்வோம். அவர் மறுபுறம் எடைமேடைக் கணினியுடன் வேறோர் உடன்பாடு செய்துகொள்கிறார். இருபுறமும் மறைகுறியாக்கம் குறைவின்றி நடைபெறும். நடுவில் அவரோ எண்ணைத் திறந்து, திருத்தி, மீண்டும் மூடி அனுப்புவார். பூட்டு உண்டு, பூட்டியவர் யார் என்பதுதான் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்புவதே சான்றிதழ். ஓர் ஆள்களப் பெயரையும் ஒரு பொதுத் திறவுகோலையும் பிணைத்து, 'இத்திறவுகோல் இப்பெயருக்குரியது' என்று சான்றளிப்பு நிறுவனம் கையொப்பமிட்ட ஆவணம் அது. சேவையகம் தன் தனித் திறவுகோலால் அவ்வப்போதைய உடன்பாட்டின்மீது கையொப்பமிட்டுக் காட்டுகிறது. சான்றிதழை நகலெடுக்க எவராலும் இயலும். அக்கையொப்பத்தை இட இயலாது. படிக்கல்லின் முத்திரைக்கு நிகரானது இதுவே.

5. முத்திரையிடுவோரே பிழைத்தால்: 2014-ஆம் ஆண்டு நிகழ்வு

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்கீழ் இந்தியாவில் சான்றளிப்பு நிறுவனங்களின் கட்டுப்பாட்டாளர் பதவி உருவாக்கப்பட்டது. அவரது வேர்ச் சான்றிதழின்கீழ் தேசியத் தகவலியல் மையம் இடைநிலைச் சான்றிதழ்களைப் பெற்றிருந்தது. 2014 ஜூலை 2 அன்று, தன் ஆள்களப் பெயர்களுக்கு உரிமையின்றி வழங்கப்பட்ட சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் நிறுவனம் கண்டறிந்தது. அவை அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களின்கீழ் வழங்கப்பட்டிருந்தன. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றார். சான்றிதழ் வழங்கும் நடைமுறையே ஊடுருவப்பட்டதாகவும், கூகுளின் மூன்று பெயர்களுக்கும் யாஹூவின் ஒரு பெயருக்குமாக நான்கு சான்றிதழ்கள் தவறாக வழங்கப்பட்டதாகவும் விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. அந்நான்கிற்கு வெளியேயும் சில இருப்பதாகக் கூகுள் குறிப்பிட்டது. அதன்பின் குரோம் உலாவி, இந்திய வேர்ச் சான்றிதழின் செல்லுபடியை அரசு, கல்வி உள்ளிட்ட ஏழு ஆள்களங்களுக்குள் சுருக்கியது.

இந்நிகழ்வு தரும் படிப்பினைகள் இரண்டு. அவ்வேர்ச் சான்றிதழ் மைக்ரோசாஃப்ட் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தமையால் விண்டோஸ் கணினிகளில் இயங்கிய பெரும்பாலான நிரல்கள் அச்சான்றிதழ்களை ஏற்றிருக்கும். தனக்கெனத் தனிப்பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் ஏற்றிராது. எனவே 'நம்பத்தக்க சான்றிதழ்' என்பது முற்றான பண்பு அன்று. சரிபார்க்கும் நிரல் எந்தப் பட்டியலை வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இஃது ஒன்று. பிழை வெளிப்பட்டதற்கும் அடைக்கப்பட்டதற்கும் காரணம், மறுமுனையில் சான்றிதழைச் சரிபார்க்கும் நிரல்கள் இருந்தமையே. சரிபார்ப்பே செய்யாத நிரலுக்கு இத்தகைய பிறழ்வு நேர்ந்தாலும் நேராவிட்டாலும் ஒன்றே. இஃது இரண்டாவது.

6. பைத்தான் சேவையில் பொருத்தும் வழிகள்

மாதிரிச் சேவைக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, ஃபிளாஸ்க்கின் உருவாக்கநிலைச் சேவையகத்தில் 'அட்ஹாக்' என்னும் விருப்பத்தை இடுதல். ஒரே சொல்லில் எச்.டி.டி.பி.எஸ் இயங்கத் தொடங்கும். ஆனால் அது தானே தனக்குக் கையொப்பமிட்ட சான்றிதழ். சேவை மீளத் தொடங்கும்போதெல்லாம் புதிதாகப் பிறப்பது. உலாவி ஒவ்வொரு முறையும் எச்சரிக்கும். மேலாளர் ஒவ்வொரு முறையும் 'தொடர்க' என்று அழுத்தப் பழகுவார். உண்மையான இடையூறு நேரும் நாளிலும் அவ்வாறே அழுத்துவார். எச்சரிக்கையைப் புறக்கணிக்கக் கற்பிக்கும் காப்பு, காப்பாகாது. மேலும் உருவாக்கநிலைச் சேவையகத்தை நடைமுறைப் பணிக்குப் பயன்படுத்தலாகாது என்று ஃபிளாஸ்க் ஆவணங்களே கூறுகின்றன.

இரண்டாம் வழி, பைத்தானின் எஸ்.எஸ்.எல் தொகுதியைக்கொண்டோ குனிகார்ன் போன்ற சேவையகத்தைக்கொண்டோ சான்றிதழையும் தனித் திறவுகோலையும் நேரடியாக ஏற்றுதல். பழைய பாடநூல்கள் காட்டும் 'ராப் சாக்கெட்' என்னும் செயற்கூறு பைத்தான் 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு மாறாக, இயல்புநிலைச் சூழல் ஒன்றை உருவாக்கி அதில் சான்றிதழ்த் தொடரை ஏற்றுவதே இன்றைய முறை. சேவை ஒன்றே இயங்கும் கணினியில் இவ்வழி போதுமானது.

மூன்றாம் வழி, என்ஜின்எக்ஸ் போன்ற முன்வாயில் சேவையகம் ஒன்றை நிறுத்துதல். ரிவர்ஸ் பிராக்ஸி எனப்படுவது இதுவே. அது 443-ஆம் வாயிலில் எச்.டி.டி.பி.எஸ் இணைப்பை ஏற்றுத் திறந்து, அதே கணினியின் உள்முகவரியில் காத்திருக்கும் பைத்தான் நிரலுக்கு வேண்டுகோளைக் கையளிக்கிறது. லினக்ஸில் 1024-க்குக் கீழ்ப்பட்ட வாயில்களைத் திறக்க இயல்பாகத் தனியுரிமை வேண்டும் என்பதால், பைத்தான் நிரலை நிருவாகி உரிமையுடன் இயக்கும் தேவை இவ்வழியில் எழுவதில்லை. தனித் திறவுகோலும் பைத்தான் நிரலின் கைக்கு எட்டாது. இவ்வழியே பரிந்துரைக்கத்தக்கது.

இவ்வழியில் மூன்று இடங்களில் கவனம் தேவை. பைத்தான் நிரல் 127.0.0.1 என்னும் உள்முகவரியில் மட்டுமே காத்திருக்க வேண்டும். எல்லா முகவரிகளிலும் காத்திருந்தால் முன்வாயிலைச் சுற்றிக்கொண்டு பக்கவாயிலில் நுழைந்துவிடலாம். அடுத்து, வந்த இணைப்பு எச்.டி.டி.பி.எஸ்தான் என்பதை முன்வாயில் ஒரு தலைப்புவரி வாயிலாகத் தெரிவிக்க, ஃபிளாஸ்க் அதனை ஏற்குமாறு 'பிராக்ஸி ஃபிக்ஸ்' இணைப்பைச் சேர்க்க வேண்டும்; இல்லையேல் நிரல் உருவாக்கும் இணைப்பு முகவரிகள் மீண்டும் எச்.டி.டி.பி என்றே தொடங்கும். இறுதியாக, உள்நுழைவுக் குக்கிக்குச் 'செக்யூர்' குறியை இடவேண்டும். அக்குறி இன்றேல் காப்பற்ற வேண்டுகோள் ஒன்றிலும் குக்கி வெளியேறிவிடும்.

80-ஆம் வாயிலுக்கு வருவோரை 443-க்குத் திருப்பிவிடுதல் வழக்கம். உலாவிக்கு இது நன்று. ஆனால் பட்டியலிடும் நிரல் பழைய முகவரியிலேயே கடவுச்சொல்லை அனுப்பினால், திருப்பிவிடும் விடை வருமுன்பே கடவுச்சொல் வெளிப்படையாகச் சென்றிருக்கும். 2012-இல் தரமான எச்.எஸ்.டி.எஸ் அறிவிப்பும் உலாவிகளை நோக்கியதே. பைத்தானின் வழக்கமான நூலகங்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே கேட்கும் நிரல்களில் முகவரியை நேரடியாகத் திருத்துவதே முறை.

7. உள்வலையில் சான்றிதழ் பெறுதல்

லெட்ஸ் என்கிரிப்ட் 2015 செப்டம்பரில் தன் முதற் சான்றிதழை வழங்கியது. அதன்பின் கட்டணமின்றித் தானியக்கமாகச் சான்றிதழ் பெறுதல் பொதுவழக்காயிற்று. அதன் எளிய சோதனையில், சான்றளிப்பு நிறுவனத்தின் கணினி இணையத்தின் வழியே நம் சேவையகத்தின் 80-ஆம் வாயிலை நாடி ஒரு குறிப்பிட்ட கோப்பைப் படிக்கிறது. எடைமேடைக் கணினிக்கு இது பொருந்துவதில்லை. அது 192.168 எனத் தொடங்கும் அகமுகவரியில் ரௌட்டருக்குப் பின்னே இருக்கிறது. பல அகலக்கற்றை இணைப்புகளில் ரௌட்டருக்கே தனிப் பொதுமுகவரி கிடைப்பதில்லை. அகமுகவரிக்கு எந்தப் பொதுச் சான்றளிப்பு நிறுவனமும் சான்றிதழ் தருவதுமில்லை.

இதற்காகச் சேவையை இணையத்தில் திறந்துவிடுவது நோயைவிடக் கொடிய மருந்தாகும். தக்க தீர்வு டி.என்.எஸ் வழிச் சோதனை. நிறுவனத்திற்குரிய ஆள்களப் பெயரின்கீழ் எடைமேடைக்கு ஓர் உட்பெயர் வைத்து, அதனை அகமுகவரிக்குச் சுட்டவேண்டும். சான்றிதழ் வேண்டும்போது, கேட்கப்படும் எழுத்துக்கோவையை அப்பெயரின் டி.என்.எஸ் உரைப்பதிவில் இட்டால் போதும். சேவையகத்தை வெளியிலிருந்து எவரும் அணுக வேண்டியதில்லை. பெயர்மீதான உரிமையே சோதிக்கப்படுகிறது.

இதன் துணைவிளைவுகளையும் அறிந்திருத்தல் வேண்டும். பொதுச் சான்றிதழ்கள் வெளிப்படைப் பதிவேடுகளில் இடம்பெறுவதால் அவ்வுட்பெயரை எவரும் காணலாம். எனவே வாடிக்கையாளர் பெயரையோ உள்ளமைப்பையோ காட்டும் பெயர் தவிர்க்கத்தக்கது. இணைய இணைப்பு அறுந்தால் பெயரை முகவரியாக மாற்றும் வழியும் அடைபடும். அலுவலகக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அப்பெயரையும் முகவரியையும் எழுதிவைத்தால் இணையம் இன்றியும் எடைபோடும் பணி தொடரும்.

ஆள்களப் பெயரே இல்லாத, நான்கைந்து கணினிகளே உள்ள இடத்தில், சொந்தமாக ஒரு வேர்ச் சான்றிதழை உருவாக்கி அக்கணினிகளில் மட்டும் பதிப்பதும் முறையான வழியே. அதன் திறவுகோலை எடைமேடைக் கணினியில் வைத்தலாகாது. அது களவுபோனால், அவ்வேர்ச் சான்றிதழை நம்பும் கணினிகளின் முன் எந்தப் பெயரிலும் எவரும் நடிக்கலாம். 2014-இன் நிகழ்வு சிறிய அளவில் மீண்டும் நிகழும்.

8. கேட்கும் முனையின் கடமை

சேவையகத்தில் எல்லாம் செம்மையாக அமைந்தபின்னும் ஒரே சொல்லால் அனைத்தும் பாழாகும் இடம் ஒன்று உண்டு. பட்டியலிடும் நிரல், பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தால் சேவையை நாடுகிறது எனக் கொள்வோம். சான்றிதழில் ஏதேனும் பொருந்தாவிடில் அது பிழைகாட்டி நிற்கும். அப்போது 'வெரிஃபை' என்னும் அளவுருவுக்கு 'ஃபால்ஸ்' என்று மதிப்பிட்டால் பிழை மறைந்துவிடும், எடை வந்துசேரும், வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் மூன்றாம் உறுதி அங்கே கைவிடப்பட்டது. அதனைச் சார்ந்த முதல் இரண்டும் அதனுடன் சென்றன. உலாவியைப்போல் எச்சரிக்கும் முகமும் நிரலுக்கு இல்லையாதலால், அந்த ஒரு சொல் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கக்கூடும்.

இக்குறை பைத்தான் மொழியின் வரலாற்றிலும் இருந்தது. அதன் அடிப்படை நூலகம் நெடுங்காலம் எச்.டி.டி.பி.எஸ் இணைப்புகளில் சான்றிதழை இயல்பாகச் சரிபார்த்ததே இல்லை. 476 என எண்ணிட்ட மேம்பாட்டு முன்மொழிவின்படி 2014 டிசம்பரில் வெளியான 2.7.9 பதிப்பிலும், அடுத்த ஆண்டின் 3.4.3 பதிப்பிலும்தான் சரிபார்ப்பு இயல்புநிலையாயிற்று. அதாவது, இந்தியச் சான்றிதழ்ப் பிறழ்வை உலகம் விவாதித்த ஜூலை மாதத்தில், அடிப்படை நூலகத்தை மட்டும் நம்பி எழுதப்பட்ட பைத்தான் நிரல்கள் நல்ல சான்றிதழையும் போலியையும் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டிருந்தன. பதிப்பை உயர்த்தியதால் அக்குறை நீங்கியது. 'ஃபால்ஸ்' என்று எழுதுவோர் அதனைத் தம் கையால் மீட்டெடுக்கின்றனர்.

சரியான வழி, அளவுருவுக்குப் பொய்மதிப்பை இடாது நம்பத்தக்க வேர்ச் சான்றிதழ்க் கோப்பின் இருப்பிடத்தை இடுதல். சொந்த வேர்ச் சான்றிதழ் உள்ள இடத்தில் இவ்வொரு மாற்றமே போதும். பொதுச் சான்றிதழாயின் எதுவும் இடத் தேவையில்லை. பிழை தோன்றினால் பெயர் பொருந்தவில்லையா, காலம் கடந்ததா, இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டதா என்று அச்செய்தியைப் படித்து நீக்கவேண்டும். எண்முகவரியில் அழைத்துவிட்டுப் பெயர் பொருந்தவில்லை என்று வியப்பது பொதுவான தவறு. சான்றிதழ் பெயருக்கு வழங்கப்பட்டது, எண்ணுக்கன்று.

9. காலமும் கடிகாரமும்

முத்திரை புதுப்பிக்கப்படுவதுபோல் சான்றிதழும் புதுப்பிக்கப்பட வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கம் முதல் வழங்கிய சான்றிதழின் ஆயுள் 90 நாள். உலாவி நிறுவனங்களும் சான்றளிப்பு நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, பொதுச் சான்றிதழ்களுக்கான 398 நாள் உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், 2027-இல் 100 நாளாகவும், 2029-இல் 47 நாளாகவும் குறைகிறது. ஆண்டுக்கொரு முறை கைப்பட மாற்றும் பழக்கத்திற்கு இனி இடமில்லை. செர்ட்பாட் போன்ற கருவியால் தானாகப் புதுப்பிக்கச் செய்தலே வழி. காலாவதிக்கு முன் மின்னஞ்சலில் நினைவூட்டும் சேவையை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. எனவே நாள்தோறும் சேவையை நாடி, சான்றிதழ் முடிய எத்தனை நாள் உள்ளது என்று பார்த்து, 20 நாளுக்குக் குறைந்தால் அறிவிக்கும் சிறு பைத்தான் நிரல் ஒன்று வேண்டும்.

அந்நிரல் வட்டிலுள்ள கோப்பைப் படிக்காமல், இயங்கும் சேவையையே நாடவேண்டும் என்பது முதன்மையானது. புதிய சான்றிதழ் வட்டில் வந்திறங்கியபின்னும், மீளேற்றம் செய்யப்படாத முன்வாயில் பழைய சான்றிதழையே நினைவகத்தில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். கோப்பைப் பார்த்தால் எல்லாம் நலம். வாடிக்கையாளர் பார்த்தால் காலாவதி.

தொழிற்பகுதிக்குரிய இன்னோர் இடர் மின்தடை. ராஸ்பெர்ரி பை 4 வரையிலான சிறு கணினிகளில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் மீண்டதும் அவை பழைய நேரத்துடன் எழும்; இணையத்தில் நேரம் பெறும்வரை அதிலேயே நிற்கும். அக்கணினி பிற சேவைகளை நாடும்போது, அவற்றின் செல்லுபடியான சான்றிதழ்கூட 'இன்னும் தொடங்காதது' என்று தள்ளப்படலாம். எடைச்சீட்டின் நேரமும் பிழையாகும். சிறு கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்ப்பது இரண்டையும் தீர்க்கும். நேரம் சரியாகும்வரை சேவையைத் தொடங்காதிருக்கச் செய்வதும் தக்கதே. இத்தகைய வேளைகளில்தான், வரிசையில் லாரிகள் காத்திருக்க, 'ஃபால்ஸ்' என்னும் சொல் அவசரத்தில் எழுதப்பட்டு நிலைத்துவிடும் வாய்ப்பு மிகுதி.

பழைய கருவிகளையும் மறத்தலாகாது. லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய மென்பொருள்கள் பல, பிழையற்ற சான்றிதழ்களையும் மறுத்தன. சேவையகத்தில் எந்தப் பிழையும் இல்லை. கேட்கும் முனையின் நம்பிக்கைப் பட்டியலே பழையதாயிற்று. சேவைக்கு எச்.டி.டி.பி.எஸ் சேர்க்குமுன் அதனை நாடும் கணினிகளையும் அவற்றின் மென்பொருள் பதிப்புகளையும் பட்டியலிடுதல் நன்று.

10. எல்லைகள்

எச்.டி.டி.பி.எஸ் காப்பது பயணத்தை மட்டுமே. எண்காட்டியிலிருந்து கணினிக்கு வரும் தொடர்வரிசைக் கம்பியில் எடை வெளிப்படையாகவே செல்கிறது. தரவுத்தளத்தில் அமர்ந்தபின் அதனைத் திருத்துவோரையும் இது தடுக்காது. சக்கரம் ஒன்று மேடைக்கு வெளியே நிற்க எடைபோட்டால், அப்பொய் எடையும் மாறாமல் காக்கப்பட்டே சென்றுசேரும். தனித் திறவுகோல் கோப்பைப் பிறர் படிக்க விட்டாலோ, நிரலுடன் சேர்த்துப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினாலோ முத்திரையே பிறர் கைக்குப் போய்விடும். உரிமையாளர் மட்டும் படிக்குமாறு அக்கோப்பின் அனுமதியை அமைப்பது இன்றியமையாதது.

முடிவுரை

• சிறு பைத்தான் சேவைக்கு எச்.டி.டி.பி.எஸ் சேர்ப்பதில் மறைவு, மாறாமை ஆகிய இரண்டும் அடையாளம் என்னும் மூன்றாவதனைச் சார்ந்தே நிற்கின்றன.

• முன்வாயில் சேவையகமும் டி.என்.எஸ் வழிச் சோதனையும் இணைந்த அமைப்பு, உள்வலையில் இயங்கும் தொழிற்கூடச் சேவைக்குப் பொருத்தமானது. சேவையை இணையத்தில் திறந்துவிடத் தேவையில்லை.

• 2014-ஆம் ஆண்டு நிகழ்வு, சான்றளிப்போரும் பிழைக்கக்கூடும் என்பதையும், சரிபார்க்கும் முனை விழித்திருந்தால் அப்பிழை அடைக்கப்படும் என்பதையும் காட்டுகிறது.

• சரிபார்ப்பை அணைக்கும் ஒரு சொல், சேவையகத்தில் செய்த அனைத்தையும் வீணாக்கும். கட்டுரை முன்மொழியும் முதற்பணி, நிரல்களில் அச்சொல்லைத் தேடி நீக்குதலே.

• சான்றிதழ் ஒருமுறை பொருத்திவிட்டு மறக்கத்தக்கதன்று. அதனைப் புதுப்பிக்கும் பொறுப்பு ஒரு நிரலுக்கும், அந்நிரலைக் கண்காணிக்கும் பொறுப்பு ஒரு மனிதருக்கும் உரியது.

எடைமேடையின் முத்திரையை ஆய்வாளர் வந்து பார்ப்பார். எண்ணின் முத்திரையைப் பார்க்க எவரும் வரமாட்டார். ஒவ்வொரு முறை எடை கேட்கும்போதும் அதனைக் கேட்கும் நிரலே பார்க்க வேண்டும். பார்க்குமாறு அதனை எழுதுவது நிரலரின் கடமை.